ஐம்பதுக்கு ஒன்பது

“ஐம்பது படம் காட்டினேன். அப்புறம் ரெண்டு ரெண்டா வெச்சு, முன்னாடி பார்த்தது எதுன்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே பாதி சரியா வரும். உங்களுக்கு ஒன்பது,” என்றார் உளவியல் மருத்துவர். “ஃபெயிலாக இவ்வளவு கஷ்டப்பட்டவர் நீங்கதான் சார். சரியானது தெரிஞ்சதாலதான் ஒவ்வொண்ணா ஒதுக்கியிருக்கீங்க.”

விபத்து நடந்த அன்று என்ன ஆயிற்று என்பதே மறந்துபோய்விட்டது என்று சொல்லிவந்தவர் தலைகுனிந்தார்.

“நஷ்டஈட்டுக்காகவா?”

“அதெல்லாம் வேண்டாம்னுட்டேன் மேடம். வண்டி ஓட்டினது என் பொண்ணு. ‘அம்மா கூப்பிடறாங்கப்பா’ன்னு ஃபோனைப் பார்க்கக் குனிஞ்சா. அதோட போயிட்டா. கடைசியா என்ன சொன்னான்னு என் மனைவி கேட்டா, நான் எப்படிச் சொல்றது?”

“இது என் வாயிலேர்ந்து வெளியே போகாது. நீங்க உட்காருங்க,” என்று சொல்லிவிட்டு மருத்துவர் வெளியே வந்தார்.

வராந்தாவில் அவர் மனைவி எழுந்து நின்றாள்.

“டாக்டர், அவருக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் வந்துடுமா?”

“ஏம்மா, வரணுமா?”

“வேண்டாம் டாக்டர். அந்த நேரத்துல அவளைக் கூப்பிட்டது நான்தான். மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, சட்டுனு நின்னுபோச்சு. தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்.”