வழவழப்பான கடல்

பார்வையற்றோர் பள்ளியின் உலக வரைபடம் பிளாஸ்டிக்கில் வார்த்தது. மலைகள் சொரசொரவென்றும், நாடுகளின் எல்லைகள் நூல் போலப் புடைத்தும் இருக்கும். கடல் மட்டும் வழவழவென்றிருக்கும். தூத்துக்குடியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு விரலால் போய்க் காட்ட வேண்டும் என்பது அன்றைய பாடம். எல்லோரும் கடலை ஒரே இழுப்பில் தாண்டினார்கள். பெனிட்டா மட்டும் கரையை விட்டு விரலை எடுக்காமல் குமரி, மும்பை, கராச்சி, அரேபியா என்று சுற்றிக்கொண்டு போனாள். "நேரா கடல் வழியாவே போலாமேம்மா" என்றார் ஆசிரியர் தளவாய். அவருக்கும் பார்வை கிடையாது. "வேண்டாம் சார்" என்றாள். போன ஐப்பசியில் அவள் அப்பா ஏறிப்போன படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். "இது வெறும் பிளாஸ்டிக்தாம்மா. எறங்கு." விரல் மறுபடி தூத்துக்குடிக்கு வந்து, மெதுவாகக் கடலில் இறங்கியது. பாதித் தூரத்தில் நின்றது. "சார், இங்க என்னமோ தட்டுப்படுது." தளவாய் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். கடுகளவு மேடு. வார்க்கும்போது விழுந்த குமிழ் அது, அங்கே தீவு எதுவும் கிடையாது, அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறவர் அவர். இப்போதும் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெனிட்டா, விரலை அந்த மேட்டிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "அங்க குடிக்க நல்ல தண்ணி கெடைக்குமா சார்?"