இடுக்கியின் பிடி

காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார் டாக்டர். அதில் ரத்தம் பாயாதபடி கவ்விப் பிடித்திருந்த குட்டி இடுக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் மட்டும் பிடியை விட்டேன்னு வை, உன் தையலெல்லாம் அம்போதான்!" என்றது ஊசியிடம்.

முடி போன்ற நூலை இழுத்துக்கொண்டு பன்னிரண்டாவது தடவையாக உள்ளே போன ஊசி, "சரிங்கண்ணே" என்றது.

முடிச்சு விழுந்தது. டாக்டர் இடுக்கியைக் கழற்றினார். துவண்டு கிடந்த குழாய் ரத்தம் பாய்ந்து புடைத்துக்கொண்டது. தையலில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் முகமூடிக்குள் சிரித்தார்கள்.

தட்டில் வந்து விழுந்த இடுக்கி, "பார்த்தியா, என்னால எவ்வளவு சந்தோஷம்!" என்றது.

"ஆமாண்ணே. நீங்க விட்ட பிறகுதான் எல்லாருக்கும் மூச்சே வந்துச்சு."

இடுக்கி கொஞ்சம் யோசித்தது. அடுத்த தடவை இன்னும் இறுக்கிப் பிடிப்பதென்று முடிவு செய்தது.