நூற்றியொன்று

கால் முறிந்து ஜெப ஆலயத்துக்கு வர முடியாத யோகெவெத்துக்காக, யூதப் புத்தாண்டு அன்று எல்கானா அவள் வீட்டுக்கே வந்து சடங்குக்கான கடாக்கொம்பை ஊதினான்.

"வீட்டுல முப்பது ஊதினா போதுமேடா. இன்னைக்கு என்ன நூறுங்கிற?"

"கேளுங்கக்கா."

ஒவ்வொன்றையும் மூச்சு முட்ட இழுத்து இழுத்து ஊதினான்.

"ஆமை வேகத்துல ஊதுற. என் மகன் நாதாவ் போர்முனையிலேருந்து வரட்டும், உன்னைவிட நல்லா ஊதுவான்."

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி சிரித்தாள்.

"அந்தக் காலத்துல நம்மளைப் பாடாப்படுத்தின எதிரித் தளபதி சிசெரா. அவன் செத்தது தெரியாம, அவன் அம்மா ஜன்னல்லயே காத்திருந்து நூத்தியொரு தடவை அழுதாளாம். எதிரியோட அம்மாவுக்காக நாம நூறு ஊதுறோம், பாரேன். மிச்சம் ஒண்ணை ஏன்டா விட்டாங்க?"

"அது பெத்தவளோடதுக்கா. நாம ஊத முடியாது."

நூறாவதை ஊதி முடித்து, கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினான்.

மாடிப்படிக்குக் கீழே ராணுவச் சீருடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"நான் கேட்டுக்கிட்டதுக்காக இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க," என்றான் எல்கானா. "இனி போய்ச் சொல்லுங்க."

தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவனுக்கு நூற்றியொன்றாவது கேட்டது.