மூன்றாவது பல்பு

"மறுபடியும் கண்ணாடியைத் தொட்டுத் தொலைச்சிருக்கே! உனக்கெல்லாம் கை எதுக்குடா?"

அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. விஷயம் கார் பல்புதான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. வாசலில் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்க, இடப்பக்க ஹெட்லைட்டிலிருந்து கழற்றிய பல்பு அப்பாவின் உள்ளங்கையில் கிடந்தது.

கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "இதோ, கொப்புளம். விரல்ல இருக்கிற எண்ணெய்ப்பசை பட்டா அந்த இடம் சூடேறி, பல்பு போயிடும்னு எத்தனை தடவை சொல்றது? நீ மாட்டின முதல் பல்பு இருபது நாள் எரிஞ்சுது. இது எட்டே நாள். உன் கைராசி நாளுக்கு நாள் தேறிக்கிட்டே வருதுடா."

மகன் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்திக் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஆறு நாளும் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவன், ஏழாம் நாள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போதும் தினம் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கிற டிரைவர்கள் சங்கத்துக்குப் போய், சீட்டாடிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புவார். ஒற்றை விளக்கோடு வண்டியைத் தெருவில் இறக்கியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு வைராக்கியம். பல்பு போய்விட்டால் சாயங்காலம் முழுக்க வீட்டுக் காவல்தான், அவரோடு சேர்த்து மற்றவர்களுக்கும்.

"நாளைக்குச் சங்கத்துல போட்டி. போன வருஷம் ஜெயிச்சவனே வரலைன்னா நல்லா இருக்குமா?"

"நான் கொண்டுபோய் விட்டுட்டு, திரும்ப வந்து கூட்டிட்டு வர்றேன்பா."

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில போனவன்டா நான். என்னைப் பார்சல் மாதிரி இறக்கி விடுவியோ?"

"பகல்ல எங்க வேணா ஓட்டுங்க. யார் வேணாம்னா? இருட்டினப்புறம்தான் பயமா இருக்கு. அன்னைக்கு நம்ம வாசல் கேட் தூண்ல இடிச்சீங்க. அடுத்த வாரமே ரோட்டைக் கடந்த அந்தம்மா கடைசி நிமிஷத்துல துள்ளி ஒதுங்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"தூணை வெள்ளையடிக்காம விட்டது உன் தப்பு. கறுப்புச் சேலை கட்டிக்கிட்டு வந்தது அந்தம்மா தப்பு."

"கண்ணை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்பா. எங்க கடையிலயே..."

"கண்ணைப் பத்திப் பேசினே, பல்லைப் பேத்துடுவேன்!" அப்பா உதைத்த உதையில் ஸ்டூல் குப்புற விழுந்தது.

மகனுக்கும் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த துணியை எஞ்சின் மேல் வீசினான். "அப்ப நீங்களே மாட்டிக்குங்க! இந்தாங்க புது பல்பு!"

அப்பா டப்பாவை வாங்கவில்லை. "குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குதுடா" என்றார். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஸ்டூலை அவரே எடுத்து நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார்.

உள்ளே வடை பொரித்துக்கொண்டிருந்த மருமகள், கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். பார்வை நேராகப் புருஷன் மேல் பாய்ந்தது.

"மாமா சொல்றதுல என்ன தப்பு? ஒரு பல்பை ஒழுங்கா மாட்டத் தெரியல, கோபம் மட்டும் மூக்கு மேல வருது. முதல்ல வந்து அந்தக் கையைக் கழுவிட்டுப் போங்க."

"அப்படிக் கேளும்மா" என்றார் அப்பா. ஆதரவுக்கு ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மகன் முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் சமையலறைக்குப் போனான். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"கையை நல்லாத் துடைச்சியா? ஈரம் இருந்தாலும் ஆபத்துடா."

"சொட்டு ஈரம் கிடையாதுப்பா."

அப்பா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பல்புக்கும் அவர் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மகன் டப்பாவைப் பிரித்து, பல்பை எடுத்து, விளக்கின் பின்பக்க ஓட்டைக்குள் செருகினான். கம்பிக் கொக்கியை அழுத்தி மாட்டி, ஒயரைச் சொருகி, ரப்பர் மூடியைப் போட்டான். அதுவரைக்கும் அப்பா இமை கொட்டவில்லை.

சுவிட்சைப் போட்டதும் எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்சமும் பளிச்சென்று விழுந்தன.

"தொட்டியாடா?"

"நீங்கதான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களேப்பா."

"பாத்துக்கிட்டு இருந்ததாலதான் ஒழுங்கா மாட்டினே. என் கண்ணுலயே மண்ணைத் தூவ முடியுமா?" அன்றைக்கு முதல் தடவையாக அப்பா சிரித்தார். "கொஞ்ச நேரம் எரியட்டும். சூடானாத்தான் பல்போட லட்சணம் தெரியும்."

"எவ்வளவு நேரம் வேணாலும் எரியட்டும்பா" என்றான் மகன்.

அப்பாவை விளக்குக்குக் காவல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவன், தொட்டியில் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தான். பதினைந்து வயதில் தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கியர் போடச் சொல்லிக்கொடுத்த மனுஷரிடம் சாவியைக் கேட்டு வாங்க இரண்டு மாதமாக அவனுக்கு வாய் வரவில்லை. யார் மேல் என்று தெரியாமல் கோபம் மட்டும் வந்தது.

மருமகள் அடுப்பைக் குறைத்தாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை மேல் தட்டில் எடுத்து வைத்தபடி மெல்லக் கேட்டாள்.

"இந்தத் தடவை நல்லா அழுத்தித் தொட்டீங்களா?"