கோட்டுக்கு இந்தப் பக்கம்

சூரியனுக்குள் நடப்பதை மண்ணில் நடத்திப் பார்க்கும் இணைவு உலைக்காக, ஜெசிந்தா ஒன்பது வருடம் உழைத்துச் செய்த மீக்கடத்திக் காந்தம் அது. வேலை முடிகிற சமயத்தில் அவள் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வலுவான காந்தத்தின் பக்கத்தில் போனால் அந்தக் கருவி தடுமாறிவிடும். அதனால் முதல் சோதனையன்று அவளுக்கு அடுத்த கட்டிடத்தில், டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காந்தக்கூடத்துக்கே வந்து, காந்தத்தின் ஆபத்து எல்லையாகத் தரையில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

பாதுகாப்பு அதிகாரி கலியமூர்த்தி ஓடிவந்தார். "மேடம், உயிரோட விளையாடாதீங்க. எழுந்திருங்க."

"கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்தில்லைன்னுதானே சார் எல்லார்கிட்டயும் சொல்றீங்க?"

"அது வெறும் கணக்கு மேடம். இன்னிக்குத்தானே முதல்முறையா ஓட்டிப் பாக்கறோம்."

"கணக்குப் போட்டது நான். தப்புன்னா முதல்ல எனக்குத் தெரியட்டும்."

உறைகுளிரில் கிடந்த காந்தத்துக்குள் மின்சாரம் ஏறத் தொடங்கியது. கலியமூர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலின் கட்டைவிரலைக் கோட்டின் மேல் வைத்தாள்.