ஆரஞ்சு

குடோனின் மஞ்சள் பல்பில் மஞ்சளாகத் தெரிந்த ஃபைபர் கேபிள், பகல் வெயிலில், அவன் கையில் மிஞ்சிய துண்டில் உண்மை நிறத்தைக் காட்டுகிறது: சுத்த ஆரஞ்சு. ஆரஞ்சு ஒரு கட்டடத்துக்குள் ஓடத்தான் லாயக்கு. ஊர்க்கோடி ஆஸ்பத்திரி வரை இன்டர்நெட் சிக்னல் போக மஞ்சள்தான் வேண்டும். அங்கே மறுமுனையை மாட்டிய மச்சான் போனில் கத்துகிறார். “டெஸ்ட் லைட் சிவப்பா மினுக்குது மாப்ள, ஆனா சிக்னல் செத்துக் கிடக்கு. என்னத்தப் போட்டுத் தொலைச்சீங்க?” அடியில் மஞ்சள் ஒளிந்திருக்கிற மாதிரி, உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறான். தெரு நெடுக, கேபிள் புதைத்த பள்ளத்தின் மேல் கான்கிரீட் இறுகிக் கிடக்கிறது. கடைசி மூலையைக் கரண்டியால் வழித்த கொத்தனார், இறுகிய பக்கத்தைக் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டிச் சிரிக்கிறார். “இனி உங்க கேபிளை எவனாலயும் அசைக்க முடியாது சார். நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”