கோணல் காலர்

"இந்த ஆளை முதல்ல வகுப்பை விட்டுத் தூக்குங்க!"

தையல் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம். இணையத்தில் அவள் நடத்துவது இலவச வகுப்பு. சும்மா வீடியோ பார்த்துவிட்டுப் போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. வாரம் ஒன்றைத் தைத்து, படமெடுத்து, எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் போட்டாக வேண்டும்.

அதில் 'நூல்கண்டு' என்ற பெயரில் வரும் படங்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாக்கெட் ஒரு பக்கம் இழுக்கும். இந்த வாரம் காலர். ஒரு முனை ஏறியும் மறுமுனை இறங்கியும் கிடந்தது.

"இலவச வகுப்புதானே மேடம், இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் கணினிக்காரர்.

"பாக்கிறவங்க டீச்சரைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. ரெண்டாவது வாரமே நானூறு பேர் நாப்பதா ஆயிட்டாங்க. வகுப்பையே மூடிடலாம்னு இருந்தேன். புது வீடியோ போட்டு, இப்பத்தான் முன்னூறுக்குக் கொண்டுவந்திருக்கேன். இந்த ஆளு கெடுத்துடுவார்."

நாசூக்காகச் சொல்லிவிடலாம் என்று அவளே வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள்.

திரையில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. கழுத்தில் இஞ்ச் டேப். பின்னால் வரிசையாகக் கோட்டுகள். ஒவ்வொரு காலரும் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது.

"இதெல்லாம் யார் தைச்சது சார்?"

"நான்தாம்மா. நம்ம கடைதான்."

"அப்புறம் எதுக்கு என் வகுப்புல சேர்ந்தீங்க?"

அவர் நெளிந்தார்.

"என் மச்சினி சேர்ந்தா. என்கிட்ட கத்துக்கிட்டா நான் கிண்டல் பண்ணுவேன்னு பயம். முதல் வாரம் நீங்க 'சிறந்த தையல்'னு ஒரு படத்தை மேல ஒட்டிவெச்சீங்க இல்ல? அதைப் பாத்ததும் தன் படத்தை அழிச்சிட்டு மெஷினை மூடிட்டா. அதான் நான் பேரை மாத்திக்கிட்டு ஒண்ணு போட்டேன். 'அப்பாடா, நான் பரவாயில்ல'ன்னு அவ மறுபடி போட்டா. அவளைப் பாத்து மத்தவங்களும் மளமளன்னு வந்துட்டாங்க."

டீச்சருக்கு வெட்கமாகப் போயிற்று. புது வீடியோவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"அடுத்த வாரம் சட்டைக்குக் கை வைக்கிற பாடம். படம் போடுவீங்கல்ல சார்?"

"போடறேம்மா. ஆனா ரெண்டு நாள் கூடுதலா குடுங்க. ஒழுங்கா தைக்கிறதுன்னா அரை மணி போதும். கோணலா தைக்கத்தான் கை வரமாட்டேங்குது."